கலங்கலுக்குள் திசை தேடும் ஒளி

அம்பாறை மாவட்டத்துச் சீனி ஹிங்குராணையில் உருவாகிறது. கரும்பு ஆலைக்குள் வந்து பிழியப்பட்டதும் எழும் முதற்கேள்வி, சாற்றில் எவ்வளவு சீனி இருக்கிறது என்பது. இந்தக் கேள்விக்கு விடை காண உலகமெங்கும் கரும்பாலைகள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழைமையுள்ள ஓர் அறிவைப் பயன்படுத்துகின்றன. சீனிக் கரைசலின் ஊடாக, ஒரே திசையில் அதிரும் ஒளியைச் செலுத்தினால் அந்த அதிர்வுத் தளம் திரும்பிவிடும் என்பதை 1815ஆம் ஆண்டளவில் பிரான்ஸின் ஷான் பத்தீஸ்த் பியோ கண்டறிந்தார். 26 கிராம் தூய சீனியை நீரில் கரைத்து 100 மில்லிலீற்றராக்கி, 20 சென்ரிமீற்றர் நீளமான குழாயில் நிரப்பிச் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் பார்த்தால், தளம் ஏறக்குறைய 34.6 பாகை வலப்புறமாகத் திரும்பியிருக்கும். சீனி பாதியானால் திருப்பமும் பாதியாகும். சீனிக் கைத்தொழிலின் அளவுகோல் முழுவதும் இந்த நேர்விகிதத்தின் மீதுதான் நிற்கிறது.

ஆனால் பிழிந்த சாறு அப்படியே குழாய்க்குள் போவதில்லை. அது மண்ணும் மெழுகும் நாரும் கலந்த பச்சை நிறக் கலங்கல். நீண்ட காலமாக அதில் ஈய உப்பொன்றைச் சேர்த்து, அழுக்கைப் படியவைத்து வடிகட்டினார்கள். ஈயத்தின் நச்சுத்தன்மை கருதிப் பல நாடுகள் இப்போது ஈயமில்லாத தெளிப்பான்களுக்கு மாறிவிட்டன. எதைப் போட்டாலும் நோக்கம் ஒன்றுதான். தெளியாத சாற்றைக் குழாயில் ஊற்றினால் மறுமுனைக்கு வெளிச்சம் வந்து சேரலாம். அந்த வெளிச்சத்துக்கு ஒரு தளம் இருக்காது. திருப்பத்தை அளக்கும் கருவியாகிய முனைவுமானியை எந்தப் பக்கம் திருப்பினாலும் இருள் கிடைக்காது, அளக்கவும் எதுவும் மிஞ்சாது.

உடலை இப்படி வடிகட்ட முடியாது. தோல், ஈறு, கன்னத்தின் உட்புறம், கருப்பை வாய், தசை ஆகிய எல்லாமே ஒளிக்குக் கலங்கல் ஊடகங்கள். அந்தக் கலங்கலை அகற்றினால் அது உயிருள்ள இழையமாக இராது. ஆகவே கரும்பாலை ஆய்வாளர் வடிதாளில் விட்டுவரும் அதே கலங்கலுக்குள்தான் உயிரியல் ஒளியியலாளர் தன் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது, கல்முனை முதல் பொத்துவில் வரையான கரையோர ஊர்களுக்கு அதனால் என்ன பயன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒளி ஒரு குறுக்கலை. அது முன்னோக்கிச் செல்ல, அதன் மின்புலம் பயணத் திசைக்குச் செங்குத்தாக அதிர்கிறது. கரைவலைக் கயிற்றைக் கரையில் நின்று மேலும் கீழுமாக உதறினால் ஒரு வகை அலை ஓடும். இடமும் வலமுமாக உதறினால் வேறு வகை அலை ஓடும். இரண்டும் கயிற்றின் வழியே கடலை நோக்கித்தான் போகும். சூரிய ஒளியிலும் விளக்கொளியிலும் எல்லாத் திசை அதிர்வுகளும் கலந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து விடுவதே முனைவாக்கம். 1929இல் எட்வின் லாண்ட் மலிவான முனைவாக்கித் தாளைச் செய்யும் வழியைக் கண்ட பிறகு அது யாருக்கும் எட்டும் பொருளாயிற்று. இன்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தத் தாள் இருக்கிறது. கணினித் திரைக்குள் அது ஒட்டப்பட்டிருப்பதால், திரையிலிருந்து வரும் வெளிச்சம் ஏற்கெனவே ஒரே திசையில் அதிர்வதாகத்தான் நம் கண்ணை வந்தடைகிறது.

இதை வைத்து, கலங்கல் என்றால் என்னவென்று மேசையிலேயே பார்த்துவிடலாம். திரையை வெறும் வெள்ளையாக்கி, அதன் முன் ஒரு கண்ணாடிக் கோப்பையில் நீரை வைக்கவேண்டும். மீனவர்களும் வாகனம் ஓட்டுவோரும் அணியும் முனைவாக்கிக் கண்ணாடியைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பினால், ஒரு நிலையில் திரையும் கோப்பையும் இருண்டுவிடும். இப்போது நீருக்குப் பதிலாகச் சீனி போடாத பிளேன்டீயை வைத்தாலும் இருள் இருளாகவே இருக்கும். தேநீர் வெளிச்சத்தைக் குறைக்கிறது, நிறத்தை மாற்றுகிறது. அதிர்வின் திசையைத் தொடுவதில்லை. சீனி போட்டிருந்தால் தளம் ஓரிரு பாகை திரும்பியிருக்கும், கண்ணாடியைச் சற்றே திருப்பி மீண்டும் இருளைக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்து வெறும் நீரில் பால்மாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கவேண்டும். முதற் சில சொட்டுகளில் இருளுக்குள் புகைபோன்ற வெண்மை படரும். மேலும் விட விட அந்த வெண்மை தடிக்கும். ஒரு கட்டத்துக்குப் பின் கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் கோப்பை ஒரே அளவு வெளிச்சமாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள திரை மட்டும் இருண்டும் ஒளிர்ந்தும் மாறிக்கொண்டிருக்கும்.

பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளும் புரதத் திரள்களும் ஒளியை இடைமறித்து வேறு திசைக்குத் திருப்புகின்றன. ஒரு முறை சிதறிய ஒளி தன் அதிர்வுத் திசையைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது. பத்து, இருபது தடவை சிதறியபின் வெவ்வேறு பாதைகளில் வந்த கதிர்கள் வெவ்வேறு திசையில் அதிர்வதால் கூட்டுத்தொகையில் எந்தத் திசையும் மிஞ்சுவதில்லை. பிளேன்டீ உறிஞ்சுகிறது, பால் சிதறடிக்கிறது. இரண்டுமே கோப்பைக்குப் பின்னால் இருப்பதை மறைக்கின்றன என்றாலும் முனைவாக்கத்தின் கணக்கில் அவை முற்றிலும் வேறு நிகழ்வுகள். வைத்தியத்துக்கு இந்த வேறுபாடு பெரும் பயன் தருவதைப் பின்னர் பார்ப்போம்.

சிதறல் ஒன்றா பலவா என்பதை வானமும் காட்டும். எமது கரை ஏறக்குறைய வடக்குத் தெற்காக நீண்டிருக்கிறது. மஃரிபுக்குச் சற்று முன், சூரியன் மேற்கே வயல்களுக்கு அப்பால் இறங்கும் வேளையில், அதே கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே வானத்தைப் பார்த்தால், தலைக்கு மேலாகக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்குக்கு ஓடும் ஒரு பட்டை கறுப்பதும் வெளிறுவதும் தெரியும். சூரியனுக்கு 90 பாகையில் வரும் நீல ஒளி காற்று மூலக்கூறுகளால் பெரும்பாலும் ஒரே தடவை சிதறியது. அதனால் அது வலுவாக முனைவாகியிருக்கிறது. அதே பட்டையில் ஒரு முகில் நின்றால் அதில் மாற்றமேதும் தெரியாது. முகிலின் நீர்த்துளிகளுக்குள் ஒளி எத்தனையோ தடவை சிதறி வெளிவருகிறது.

இந்த வானத்தைக் கணக்கில் முழுமையாகக் கொண்டுவந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சிக்காகோவில் வாழ்ந்த வானியற்பியலாளர். விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி மீண்டும் மீண்டும் சிதறி வெளிவருவதை 1940களில் அவர் ஆராய்ந்தபோது, முனைவாக்கத்தையும் சேர்த்துக் கணக்கிடவேண்டிய தேவை எழுந்தது. ஜோர்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் எழுதி, பின்னர் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு முறையை அவர் எடுத்துக்கொண்டார். எந்த ஒளியையும் நான்கு எண்களால் விவரிக்கலாம் என்பதே அந்த முறை: மொத்தச் செறிவு ஒன்று, கிடை–நிலை அதிர்வுகளின் வேறுபாடு ஒன்று, 45 பாகைச் சாய்வுகளின் வேறுபாடு ஒன்று, வலஞ்சுழி–இடஞ்சுழி வட்ட முனைவாக்கங்களின் வேறுபாடு ஒன்று. இந்த நான்கு எண்கள் ஒவ்வொரு சிதறலிலும் எப்படி மாறுகின்றன என்பதற்கான சமன்பாடுகள் 1950இல் வெளியான அவரது கதிர்வீச்சுக் கடத்தல் பற்றிய நூலில் உள்ளன. விண்மீனுக்கும் வானத்துக்கும் எழுதப்பட்ட அந்தச் சமன்பாடுகளே இன்று கணினியில் தோலுக்கும் தசைக்கும் தீர்க்கப்படுகின்றன. சிதறடிக்கும் துகள் நீர்த்துளியா கலக்கருவா என்பது கணிதத்துக்கு ஒரு பொருட்டில்லை.

இழையத்துக்கு வருவோம். சிவப்பு ஒளி நம் தோலுக்குள் நுழைந்தால் ஏறத்தாழ ஒவ்வொரு 0.1 மில்லிமீற்றருக்கும் ஒரு தடவை சிதறும். ஒவ்வொரு சிதறலும் அதைச் சிறிதளவே திருப்புவதால், புறப்பட்ட திசையை முற்றாக இழக்க ஒரு மில்லிமீற்றர் அளவு தூரம் ஆகும். ஆகவே இழையத்திலிருந்து திரும்பிவரும் ஒளியில் இரண்டு கூட்டங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, மேற்படலத்திலேயே ஓரிரு முறை சிதறித் திரும்பிய சிறு கூட்டம். அது அனுப்பிய திசையிலேயே இன்னும் அதிர்கிறது. மற்றது, ஆழம்வரை சென்று அலைந்து வந்த பெருங்கூட்டம். அதற்குத் திசை இல்லை. புற்றுநோய்களில் பெரும்பகுதி மேற்படலத்தில்தான் தொடங்குகிறது. நமக்கு வேண்டிய செய்தி சிறு கூட்டத்தில் இருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரிவதோ பெருங்கூட்டம்.

இரண்டையும் பிரிக்க அமெரிக்காவின் ஓரகன் மாநிலத்தில் ஸ்டீவன் ஜேக்ஸும் அவரது குழுவினரும் 2000, 2002 ஆண்டுகளில் வெளியிட்ட வழி வியக்கத்தக்க அளவு எளிமையானது. முனைவான ஒளியைத் தோல்மீது சாய்வாக விழவிட்டு இரண்டு படங்கள் எடுக்கவேண்டும். கெமராவின் முன்னுள்ள முனைவாக்கி அனுப்பிய திசைக்கு இணையாக ஒரு படம், செங்குத்தாக ஒரு படம். திசையிழந்த ஆழத்து ஒளி இரண்டு படங்களிலும் சமமாக இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் அது மறைந்து, மேற்படலத்து ஒளி மட்டும் மிஞ்சும். பின்னர் அந்தக் கழித்தலை இரண்டு படங்களின் கூட்டுத்தொகையால் வகுக்கவேண்டும்.

இந்த வகுத்தலைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தோலின் நிறம் மெலனினால் வருகிறது. மெலனின் பெரும்பாலும் பிளேன்டீயைப் போல நடந்துகொள்வது. இரண்டு படங்களின் வெளிச்சத்தையும் ஒரே விகிதத்தில் குறைக்கும். வகுத்ததும் அந்த விகிதம் மேலும் கீழும் அடிபட்டுப் போகிறது. ஜேக்ஸின் படங்களில் தோலின் கரும்புள்ளிகள் மறைந்து, அவற்றின் அடியிலுள்ள இழைய அமைப்பு தெரிந்தது. மருத்துவ ஒளியியற் கருவிகள் பலவும் வெளிறிய தோலில் செம்மைப்படுத்தப்பட்டவை. கரிய தோலில் தடுமாறுபவை. நிறத்தையே கணக்கிலிருந்து நீக்கும் ஒரு முறை எம்மைப் போன்ற மக்களுக்கு முதலில் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லா முனைவாக்கமும் ஒரே வேகத்தில் கலைவதில்லை. 1989இல் மக்கின்டொஷும் அவரது சகாக்களும் நீரில் மிதக்கும் பிளாத்திக்குக் குண்டுகளில் செய்த சோதனை, ஒளியின் அலைநீளத்தைவிடப் பெரிய துகள்களுக்குள் வட்ட முனைவாக்கம் நீண்ட தூரம் தாக்குப்பிடிப்பதையும், மிகச் சிறிய துகள்களுக்குள் நேர்கோட்டு முனைவாக்கம் தாக்குப்பிடிப்பதையும் காட்டியது. எது முந்திக் கலைகிறது என்பதைப் பார்த்தே துகளின் பருமனைப் பற்றி ஏதோ சொல்லிவிடலாம் என்றாகிறது. புற்றுநோயை நோக்கிச் செல்லும் கலங்களில் கரு பருக்கிறது என்பதால் இது ஆர்வமூட்டும் வழி. ஆனால் உண்மையான இழையங்கள் குண்டுகளைப் போல நடந்துகொள்ளவில்லை. பல இழையங்களில் நேர்கோட்டு முனைவாக்கமே கூடுதல் தூரம் நின்றது. இழையத்தில் குண்டுகள் மட்டும் இல்லை. அதில் நார்களும் இருக்கின்றன.

அந்த நார்களில் முதன்மையானது கொலாஜன். உடலின் புரதங்களில் மிக அதிகமானது அதுவே. அதன் அமைப்பு வெளிவந்த இடம் சென்னை. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையில் கோ. நா. இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அடையாறில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த மாதிரியை எக்ஸ் கதிரில் ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழைகள் கூடிய சுருள் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, மூன்று சுருள்களும் சேர்ந்து மறுபடி முறுக்கிய வடிவமென்று காட்டினார்கள். ஒரு மூலக்கூறின் நீளம் ஏறத்தாழ 300 நனோமீற்றர், தடிப்பு 1.5 நனோமீற்றர். இப்படி நீண்டு மெலிந்தவை கோடிக்கணக்கில் ஒரே திசையில் அடுக்கப்படும்போது, நார் ஓடும் திசையில் அதிரும் ஒளியும் குறுக்கே அதிரும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் செல்கின்றன. இதுவே இரட்டை முறிவு. இதே இராமச்சந்திரன், சி. வி. இராமனின் உறவினரான எஸ். இராமசேஷனுடன் சேர்ந்து பளிங்கு ஒளியியல் பற்றி 1961இல் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. கொலாஜனின் அமைப்பும் முனைவாக்கத்தின் கணிதமும் ஒரே மனிதரின் மேசையில் இருந்தன.

உழ்ஹிய்யா மாட்டின் காலில் வெண்மையாகப் பளபளக்கும் தசைநாண் ஏறக்குறைய முழுவதும் கொலாஜன். அதிலிருந்து நீளவாக்கில் ஒரு மெல்லிய சீவலைக் கூரிய பிளேட்டால் எடுத்து, இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கிடையே நீர் விட்டு அழுத்தி, முன்சொன்ன இருண்ட திரைக்கும் முனைவாக்கிக் கண்ணாடிக்கும் இடையில் பிடித்தால், இருளின் நடுவே சீவல் மட்டும் ஒளிரும். அதை ஒரு முழுச் சுற்றுத் திருப்பும்போது நான்கு முறை மங்கி நான்கு முறை ஒளிர்கிறது. நார் முனைவாக்கியோடு 45 பாகையில் நிற்கும்போது வெளிச்சம் உச்சம். சீவல் 0.1 மில்லிமீற்றர் தடிப்பானால் ஓர் அதிர்வு மற்றதைவிடச் சுமார் 300 நனோமீற்றர் பின்தங்கும். பச்சை ஒளியின் அலைநீளத்தில் பாதிக்கு மேல். அதனால்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் வெட்டப்படும் சீவல் இதைவிட இருபது மடங்கு மெல்லியது, சுமார் 5 மைக்ரோமீற்றர். அதில் பின்தங்கல் 15 நனோமீற்றரே. கணக்குப் போட்டால் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான ஒளிதான் குறுக்கு முனைவாக்கிகளைத் தாண்டும். இதற்குப் பரிகாரமாக வந்ததே பிக்ரோசிரியஸ் சிவப்புச் சாயம். அதன் நீண்ட மூலக்கூறுகள் கொலாஜன் நாரோடு நார்போல ஒட்டி இரட்டை முறிவைப் பன்மடங்கு உயர்த்துகின்றன. பிரேசிலின் ஜுன்கெய்ரா குழு 1979இல் இதை உலகறியச் செய்தது. தடித்த, நெருங்கிய நார் செம்மஞ்சளாகவும் மெல்லிய நார் பச்சையாகவும் ஒளிரும். முனைவாக்க நுணுக்குக்காட்டியின் பிற பயன்கள் வைத்திய உலகில் வேரூன்றிவிட்டன. கீல்வாதம் வந்த மூட்டின் நீரில் ஊசி வடிவ யூரேற்றுப் பளிங்குகளைத் தேடுவது 1961 முதல் நடக்கிறது. அமிலோயிட் படிவுகளைக் கொங்கோ சிவப்பில் பச்சையாகக் காண்பதும் அப்படியே.

இனி வாய்க்கு வருவோம். வெற்றிலை வட்டாவும் பாக்குவெட்டியும் இந்தக் கரையின் வீடுகளில் விருந்தோம்பலின் பகுதியாக நெடுங்காலம் இருந்தவை. கல்யாண வீட்டிலும் மரண வீட்டிலும், வயலிலும் தோணியிலும் வெற்றிலை உண்டு. இலங்கை ஆண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். புகையிலையைத் தவிர்த்துவிட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் உண்டு. பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறுதியிட்டுச் சொல்லியிருக்கிறது.

பாக்கு செய்யும் தீங்கின் ஒரு வடிவம் கன்னத்தின் உட்புறம் இறுகிப்போதல். 1952இல் கிழக்காபிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸும், 1953இல் பம்பாயில் ஜோஷியும் இதை விவரித்தார்கள். முதலில் உறைப்புச் சாப்பிட்டால் எரிவு. பின் சளிப்படலம் வெளிறும். பின் கன்னத்துக்குள் நாடாப்போல வரிகள் தட்டுப்படும். கடைசியில் வாயைத் திறக்க முடியாமற்போகும். காரணம் கொலாஜன். பாக்கிலுள்ள அரிக்கோலின் நார் உண்டாக்கும் கலங்களைத் தூண்டுகிறது. பாக்கிலுள்ள செப்பு, கொலாஜன் இழைகளைக் குறுக்காகப் பிணைக்கும் நொதியத்தின் வேலையைக் கூட்டுகிறது. பாக்கின் துவர்ப்பாகிய தனின், உண்டான கொலாஜனை உடல் கரைக்கவொட்டாமல் உறுதிப்படுத்துகிறது. தோல் பதனிடும் தொழிலில் மரப்பட்டைத் தனின் செய்வதும் இதே இரசாயனம்தான். உயிருள்ள கன்னத்துக்குள் அது நடந்துகொண்டிருக்கிறது.

இந்த நிலை புற்றுநோயாக மாறக்கூடியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளிவந்த ஆய்வில் 7.6 சதவீதமானோருக்குப் புற்று வந்திருந்தது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை முன்கூட்டிச் சொல்லும் வழி வேண்டும். பயொப்ஸி சொல்லும், ஆனால் இறுகிய வாயில் மீண்டும் மீண்டும் சதை வெட்ட முடியாது. வெட்டாமல் கொலாஜனை அளக்கும் கருவி ஒன்று வேண்டுமென்றால், முனைவான ஒளியைவிடப் பொருத்தமானதாக எனக்கு வேறொன்றும் தென்படவில்லை.

அங்கே கழித்தல் முறை மட்டும் போதாது. இழையம் ஒளிக்கு மூன்று விதமான மாற்றங்களைச் சேர்த்தே செய்கிறது. திசையைக் கலைக்கிறது, இரட்டை முறிவால் ஓர் அதிர்வைப் பின்தள்ளுகிறது, ஒரு திசை அதிர்வை மற்றதைவிடக் கூடுதலாக உறிஞ்சவோ சிதறவோ செய்கிறது. இவற்றை ஒருசேர எழுத ஸ்டோக்ஸின் நான்கு எண்கள் உள்ளே சென்று நான்கு எண்களாக வெளிவரும் உறவை 16 எண்கள் கொண்ட தாயமாக அமைக்கிறார்கள். 1940களில் ஹான்ஸ் மியூலர் வகுத்த தாயம் அது. ஒவ்வொரு பிக்சலுக்கும் 16 எண்கள் கொண்ட படத்தை எடுத்துவிடலாம், அதைப் படித்து எதையும் புரிந்துகொள்ள முடியாது. 1996இல் லூவும் சிப்மனும் அந்தத் தாயத்தை மேற்சொன்ன மூன்று மாற்றங்களுக்கும் உரிய மூன்று தாயங்களின் பெருக்கமாகப் பிரித்துக் காட்டிய பின்னரே இழைய ஆய்வு வேகம் கண்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் அசீமா பிரதானின் குழு 2009இல் கருப்பை வாய் இழையங்களை இப்படிப் பிரித்துப் பார்த்து, நல்லதையும் புற்றுக்கு முந்திய நிலையையும் வேறுபடுத்த முடியுமெனக் காட்டியது. கொல்கத்தாவில் நிர்மால்ய கோஷும் டொரொன்டோவில் அலெக்ஸ் விட்கினும் 2011இல் எழுதிய மீளாய்வு இத்துறைக்குள் நுழைபவர்களுக்கு இன்னும் வழிகாட்டி. பெங்களூரில் இராமனின் நிறுவனத்தில் அவரது மருமகன் சிவராஜ பஞ்சரத்தினம் 1955–56இல், இருபத்திரண்டு வயதைத் தாண்டுமுன்னர் வகுத்த பல நிறங்களுக்கும் ஒத்துவரும் அலைத்தகடுகளை இன்றைய மியூலர் கருவிகளிலும் காணலாம்.

விட்கினின் ஆய்வகம் நெடுநாள் முயன்ற மற்றொரு கேள்வியும் எம்மைத் தொடுகிறது. சீனி அளக்கும் அதே தளத் திருப்பத்தால், ஊசி குத்தாமல் நீரிழிவு நோயாளரின் குளுக்கோசை அளக்கலாமா என்பது. ஒரு டெசிலீற்றரில் 100 மில்லிகிராம் குளுக்கோசு உள்ள திரவத்தில் ஒரு சென்ரிமீற்றர் சென்ற ஒளி ஏறத்தாழ 0.005 பாகைதான் திரும்பும். கண்ணின் முன்னறையிலுள்ள தெளிந்த நீரில் இதை அளக்க 1980களிலிருந்து முயல்கிறார்கள். கருவிழியின் கொலாஜன் தரும் இரட்டை முறிவு, கண் சற்றே அசைந்தாலும் இந்தச் சிறு திருப்பத்தை மூடிவிடுகிறது. தோலில் சிதறலும் சேர்ந்துகொள்கிறது. அண்மையில் கைக்கு வருமென்று இதை நம்பி நீரிழிவு நோயாளர் எவரும் விரல்நுனி இரத்தச் சோதனையை நிறுத்தக் கூடாது. கொலாஜனைத் தொந்தரவாகக் கருதும் குளுக்கோசு அளவீட்டைவிட, கொலாஜனையே அளக்கும் வாய்ப் பரிசோதனை எட்டக்கூடிய இலக்கு.

அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. கருப்பை வாய் போன்ற இழையங்களில் புற்று தொடங்கும்போது அடிப்படலத்துக் கொலாஜன் சிதைவதால் பின்தங்கல் அளவு குறைகிறது. பாக்கினால் இறுகிய வாயிலோ கொலாஜன் ஏற்கெனவே பெருகி நெருங்கியிருக்கிறது. பின்தங்கல் கூடியிருக்க வேண்டும். இறுகிய கன்னத்தில் புற்று தொடங்கும் இடத்தில் இரண்டும் எதிரெதிராக இழுக்கும். ஆகவே ஒரு தடவை எடுத்த ஒரே எண்ணை வைத்து நல்லது கெட்டது சொல்ல முயன்றால் தவறாகும். கூடியிருந்த பின்தங்கல் ஓரிடத்தில் மட்டும் சரிகிறதா என்று, ஒரே வாயைக் காலவாரியாகப் பார்க்கவேண்டும். பிக்ரோசிரியஸ் ஆய்வுகளிலும் இதே எச்சரிக்கை தேவை. சீவலின் தடிப்பும் சாயமிட்ட நேரமும் திருப்பிய கோணமும் நிறத்தை மாற்றுகின்றன. நிறத்தை மட்டும் கொண்டு நோயின் படியைச் சொல்வது பாதுகாப்பல்ல.

இந்த வேலையை இங்கே செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம் என்றே நினைக்கிறேன். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் ஒலுவிலிலும் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இருக்கின்றன. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது. முதற்படிக்குப் பெரிய பணம் தேவைப்படாது. ஈரமான வாயைப் படமெடுக்கும்போது எச்சிலின் பளபளப்புத்தான் முதல் இடையூறு. டோர்ச்சின் முன் ஒரு முனைவாக்கித் தாளும் கெமராவின் முன் அதற்குக் குறுக்காக மற்றொன்றும் வைத்தால் அந்தப் பளபளப்பு அடியோடு போய், வெளிறிய வரிகள் துலக்கமாகத் தெரியும். 1984இலேயே சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும், அடிப்படைச் சுகாதார ஊழியர்கள் சிறு பயிற்சியோடு வாய்ப்புற்றுக்கு முந்திய புண்களை அடையாளம் காண முடியுமென்று இலங்கைக் கிராமங்களில் நிறுவினார்கள். அந்தப் பயிற்சி பெற்ற கண்ணுக்குத் துணையாகத்தான் எந்தக் கருவியும் வரவேண்டும்.

அடுத்த படி கருவியைச் சோதிப்பது. பால்மா பைக்குப் பை மாறும். அதை அளவுகோலாக்க முடியாது. வைத்தியசாலைகளில் நரம்பு வழியே ஏற்றும் கொழுப்புக் குழம்பாகிய இன்ட்ராலிபிட்டின் சிதறல் பண்புகள் நன்கு அறியப்பட்டவை. உலகின் இழைய ஒளியியல் ஆய்வுகூடங்கள் அதையே மாதிரிக் கலங்கலாகக் கொள்கின்றன. அதற்குள் தெரிந்த தடிப்புள்ள தசைநாண் சீவலை வெவ்வேறு ஆழத்தில் அமிழ்த்தி, எத்தனை மில்லிமீற்றர் வரை அதன் நார்த் திசையைக் கருவி சரியாகச் சொல்கிறது என்று பார்த்துவிட்டால், மனித வாய்க்குக் கொண்டுபோகுமுன் அதன் எல்லை தெரிந்துவிடும். நான்கு திசை முனைவாக்கிகளைப் பிக்சல்களின் மேலேயே பதித்த கெமராச் சில்லுகள் 2018 முதல் விற்பனைக்கு வந்துள்ளன. தாளைத் திருப்பித் திருப்பிப் படமெடுக்கும்போது நோயாளர் அசைந்துவிடும் சிக்கலும் அத்தோடு தீர்ந்தது.

பிறகு வைத்தியசாலையில், உரிய ஒழுக்கவியல் அனுமதியோடும் நோயாளரின் சம்மதத்தோடும் செய்யவேண்டிய முதல் ஒப்பீடு ஒன்று உண்டு. பாக்கினால் வாய் இறுகியவர்களைக் கவனிக்கும் வைத்தியர், மேல் கீழ் முன்பற்களுக்கிடையே எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது என்று ஒவ்வொரு வருகையிலும் அளந்து குறித்து வைக்கிறார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கன்னத்தின் இரண்டு புறத்திலும் எடுத்த பின்தங்கல் அளவையும் திசைக்குலைவு அளவையும் எழுதிவைத்து, பயொப்ஸி எடுக்க நேர்ந்தவர்களிடம் அதே இடத்துச் சீவலைப் பிக்ரோசிரியஸிலும் பார்க்கவேண்டும். வாய் திறப்புக் குறையத் தொடங்குமுன்னரே பின்தங்கல் உயர்வதாகத் தெரிந்தால், எரிவு மட்டுமே உள்ள ஆரம்ப நிலையில், பாக்கை விட்டால் இறுக்கம் நிற்க வாய்ப்புள்ள காலத்திலேயே, ஒருவரிடம் அவரது கன்னத்தின் படத்தைக் காட்டிப் பேச முடியும்.